"அழாதே" என்று சொல்லாத கிறிஸ்தவ கவுன்சலிங்: என் ரிவ்யூ

மனச்சோர்வோடு இருக்கிற ஒரு விசுவாசிக்கு உதவி என்ற பெயரில் கிடைப்பதில் பாதி, அவர் மேல் இன்னொரு சுமையை ஏற்றி வைக்கிற வேலைதான். அதனால் இணையவழியில் நடக்கும் ஒரு கிறிஸ்தவ கவுன்சலிங் சேவையைப் பற்றி விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன். பல மாதங்கள் அதில் இருந்து முடித்துவிட்டேன். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதில் குறைகளும் சொல்லப்போகிறேன், அதோடு இதே மாதிரி சேவைகள் பல இருக்கின்றன, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் படிப்பவருக்கு உபயோகம். மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். குறைத்த அந்த ஒன்றுக்குக் காரணம் கீழே வருகிறது.

நடைமுறை இப்படி. வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகரோடு ஒரு மணி நேர வீடியோ சந்திப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏழெட்டு பேர் கொண்ட சிறு குழு. நடுவில் எழுதிக்கொண்டு வரவேண்டிய பயிற்சிகள், கொஞ்சம் பதிவுசெய்த வீடியோக்கள். எனக்குக் கிடைத்த ஆலோசகர் மனநல ஆலோசனையில் முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர், விசுவாசியும்கூட. இந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். நல்ல மனசும் நிறைய வசன அறிவும் மட்டும் இருக்கிற ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

முதல் சந்திப்பில் ஜெபத்தோடு தொடங்கி, உடனே வசனத்துக்குப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒன்பது கேள்வி கொண்ட படிவத்தை, பி.எச்.க்யூ-9 என்பார்கள், அதைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உங்களைப் பற்றியே மோசமாக உணர்ந்தீர்களா என்றெல்லாம் போகும், மொத்தம் 27 மதிப்பெண். கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதை அவர் படிவத்தோடு விடாமல் என் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டார், "செத்துப்போகணும்னு தோணுதா? எப்படிச் செய்யலாம்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று. இப்படிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அது சரியல்ல. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, ஒருவர் நேராகக் கேட்டுவிட்டாரே என்று மூச்சு விடத்தான் முடிகிறது. கிறிஸ்தவ வட்டத்தில் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்டாலும் "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது" என்ற பதில் கேள்வியிலேயே ஒட்டிக்கொண்டு வரும், அப்போது எவன் உண்மையைச் சொல்வான்?

அப்புறம் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை இவையெல்லாம்கூட மனச்சோர்வு போலவே சோர்வையும் மந்தத்தையும் கொண்டுவரும், அதை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்திலேயே ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடாதீர்கள், சுகமானது போல இருக்கும்போதும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று அவரே நினைவுபடுத்தினார். எலியா தீர்க்கதரிசியின் கதையை அவர் எடுத்தது இந்த இடத்தில்தான். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்ன மனுஷனுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். கடவுளோடு பேச்சு அதற்குப் பிறகுதான். சிறுவயதிலிருந்து எலியாவைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எல்லாம் கர்மேல் மலையில் அக்கினி இறங்கினதோடு முடிந்துவிடும், அதற்கு அடுத்த அதிகாரத்துக்கு யாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

சரி, இந்தச் சேவையின் மையமான விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மாவுக்காக ஒரு சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. சுகம் கிடைத்துவிட்டது என்று முன்கூட்டியே ஸ்தோத்திரமும் சொன்னார்கள். அம்மா இறந்துவிட்டார்கள். அடக்க ஆராதனையில் என் கையைப் பிடித்து "அழக் கூடாது, அம்மா பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க, நீ அழுதா அது சாட்சியைக் கெடுக்கும்" என்றார்கள், நானும் நின்று பாட்டுப் பாடினேன், பலர் என் விசுவாசத்தைப் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு அழுகை வரவே இல்லை. அழுகை மட்டுமில்லை, எதுவுமே வரவில்லை, சந்தோஷமும் இல்லை, ஜெபமும் இல்லை, ஆராதனையில் கை உயர்த்தி நிற்பேன், உள்ளே வெறும் மரம். துக்கத்துக்கு மட்டும் கதவை அடைத்துவிட்டு மற்ற உணர்வுகளை உள்ளே விட மனதுக்குத் தெரியாது போல.

இதை ஆலோசகரிடம் நான் சொன்னது ஒரு வரியில், "அம்மா போனதுல இருந்து கஷ்டமா இருக்கு அக்கா" என்று. அவர் "கஷ்டம்னா எது?" என்றார். துக்கமா, கோபமா, பயமா, அவமானமா, ஏமாந்துவிட்ட உணர்வா, யாருமே இல்லை என்ற தனிமையா, ஒவ்வொன்றாகக் கேட்டு, உடம்பில் அது எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். எனக்குத் தொண்டையில் இருந்தது, தாடையில் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தது கோபம், அதுவும் கடவுள் மேல். அதைச் சொல்லிவிட்டு நான் உடனே "ஆண்டவரே மன்னியும்" என்றேன். அவர், "மன்னிப்பு கேக்க வேண்டியது இருந்தா அப்புறம் கேக்கலாம், இப்ப அந்தக் கோபத்தை அவர்கிட்டயே சொல்லுங்க, என்கிட்ட இல்ல" என்றார்.

அதற்கு அவர் கொடுத்த பயிற்சிதான் இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கிற பகுதி. நீங்களே ஒரு புலம்பல் சங்கீதம் எழுத வேண்டும். வேதத்தில் இருக்கிற 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்தான், அவற்றுக்கு ஒரு அமைப்பு இருக்கிறது: கடவுளைக் கூப்பிடுவது, முறையிடுவது, வேண்டியதைக் கேட்பது, கடைசியில் நம்பிக்கையோ துதியோ. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம், இந்த நான்கும் அதில் இருக்கின்றன. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, பாடுவேன் என்று முடியும். நானும் கடைசியில் துதி போட்டுத்தான் எழுதிக்கொண்டு போனேன், பழக்கம் அப்படி. அவர் அந்தக் கடைசி வரிகளைப் படித்துவிட்டு, "இது உங்களுக்கு உண்மையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எடுத்துடுங்க" என்றார்.

எடுக்கலாமா என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அவர் 88ஆம் சங்கீதத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். தொடக்கத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று ஒரு கூப்பிடுதல் இருக்கிறது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு முழுக்க இருட்டு, முடிவிலும் வெளிச்சம் இல்லை. சிநேகிதரைத் தூரமாக விலக்கிவிட்டீர், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று அப்படியே நின்றுவிடுகிறது. இதையும் ஜெபம் என்று சொல்லித்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். துதி இல்லாத ஜெபத்துக்கு இடம் இருக்கிறது என்பதை எனக்கு யாராவது பத்து வருஷம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து தவித்த யோபுவின் கதையையும் இதே நேர்மையோடு பார்த்தார்கள். யோபுவின் நண்பர்கள் கடவுளுக்காக வக்காலத்து வாங்கி, சரியான உபதேசமாகத் தோன்றுகிற எத்தனையோ வார்த்தைகளைப் பேசினார்கள். யோபு கடவுளோடு வழக்காடினார், பிறந்த நாளைச் சபித்தார். முடிவில் கடவுள் கோபப்பட்டது அந்த நண்பர்கள் மேல், என் தாசனாகிய யோபு பேசினது போல நீங்கள் என்னைக் குறித்துப் பேசவில்லை என்று. அந்த நண்பர்கள் செய்ததில் உருப்படியான ஒன்று, முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தது.

அழுகைக்கு வந்தால், இயேசுவின் இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறை. இன்னும் சிறிது நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறார் என்று இயேசுவுக்குத் தெரியும். அப்படி இருந்தும் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று இருக்கிறது. உயிர்த்தெழுதல் நிச்சயம் என்பதால் அழத் தேவையில்லை என்பது உண்மையானால் அங்கே அவர் அழுதிருக்கவே கூடாது. அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதினதும் நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான், துக்கிக்கவே கூடாது என்று இல்லை. இதைக் கேட்ட வாரத்தில்தான் நான் அம்மாவுக்காக முதல்முறை அழுதேன். நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பயங்கரமாக இருந்தது, நிற்காதோ என்று தோன்றியது, நின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும், இதை அவர்கள் சரியாகக் கையாண்டார்கள் என்பதால் சொல்கிறேன். உணர்வைச் சந்திப்பது வேறு, அதையே போட்டு மென்றுகொண்டிருப்பது வேறு. மனச்சோர்வு இருக்கிறவர்களுக்கு இரண்டாவது தானாகவே வரும், ராத்திரி இரண்டு மணிக்கு "ஏன் நான் இப்படி, ஏன் எனக்கு மட்டும்" என்று சுற்றிச் சுற்றி ஓடும், ஒன்றும் முன்னேறாது, காலையில் இன்னும் மோசமாக எழுந்திருப்போம். அதனால் எழுதுவதற்கு நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள், இருபது நிமிடம், மணி அடித்தால் நோட்டை மூடிவிட வேண்டும். என்ன நடந்தது, அப்போது என்ன உணர்ந்தேன், எதை இழந்தேன், கடவுளிடம் என்ன கேட்கிறேன், இவ்வளவுதான் எழுத வேண்டும். "ஏன்" என்று தொடங்குகிற கேள்வி என்னை நோக்கி இருந்தால் நிறுத்த வேண்டும், கடவுளை நோக்கி இருந்தால் எழுதலாம். மூடினதும் எழுந்து ஒரு சின்ன வேலை செய்யவேண்டும், நடக்கலாம், பாத்திரம் கழுவலாம், யாருக்காவது போன் போடலாம். படுக்கையில் எழுதக் கூடாது, தூங்கப் போகும் முன்பும் கூடாது.

இந்த மாதிரி எழுதுவதை ஆராய்ந்த ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றியும் வீடியோ ஒன்றில் சொல்கிறார்கள். 1980களில் அவர் மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களுக்கு நடந்த மிக வேதனையான விஷயங்களைப் பற்றி எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை இன்னும் மோசமாகத்தான் இருந்தது, ஆனால் உணர்வையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அதற்குப் பிந்திய மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்திருந்தது. எழுதினதும் மனம் கனப்பது இயல்பு என்று முன்னாலேயே தெரிந்திருந்தது எனக்குப் பெரிய உதவி. இல்லையென்றால் முதல் வாரத்தோடு விட்டிருப்பேன்.

குற்றவுணர்வைப் பற்றி நடந்த ஒரு சந்திப்பையும் விட்டுவிட முடியாது. அளவுக்கு மீறிய குற்றவுணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று, மருத்துவர்களின் பட்டியலிலேயே இருக்கிறது. விசுவாசிக்கு இது தனி ஆபத்து, ஏனென்றால் நமக்குக் குற்றவுணர்வு வந்தால் உடனே பாவத்தைத் தேடப் போய்விடுவோம், கிடைக்காவிட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டுவோம். நான் இன்னும் உறுதியாக ஜெபித்திருந்தால் அம்மா பிழைத்திருப்பார்களோ என்ற நினைப்பு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆலோசகர் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் நான் உண்மையில் செய்த தவறு, இன்னொரு பக்கம் என்னைப் பற்றி எனக்குள் கேட்கிற தீர்ப்பு என்று எழுத வைத்தார். முதல் பக்கத்துக்கு வேதத்தில் வழி இருக்கிறது, அறிக்கையிடுவது, மன்னிப்பைப் பெறுவது, முடிந்தால் சரிசெய்வது. இரண்டாவது பக்கத்தில் இருப்பதை எத்தனை முறை அறிக்கையிட்டாலும் போகாது, ஏனென்றால் அது பாவமே இல்லை, நோயின் குரல். என் தாளில் முதல் பக்கம் கிட்டத்தட்டக் காலி.

இப்போது குறைகள்.

சிறு குழு எனக்கு ஏற்ற இறக்கமாகத்தான் இருந்தது. வழிநடத்துகிறவர் ஆலோசகராக இருந்த வாரங்கள் அருமை. அவர் வராத வாரங்களில் தன்னார்வலர் ஒருவர் நடத்துவார், நல்லவர்தான், ஆனால் யாராவது அழ ஆரம்பித்தால் பதறிப்போய் வசனம் சொல்லிவிடுவார். தூக்கமே வராத ஒரு தம்பி தன் வேலை போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், பாதியிலேயே "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" வந்துவிட்டது. வசனத்தில் தப்பில்லை. அதை எழுதின அதே பவுல்தான் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் எழுதினார். அந்தத் தம்பி அதற்குப் பிறகு அந்தக் குழுவில் வாயைத் திறக்கவில்லை. குழு நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்காமல் உட்காரவைக்கக் கூடாது என்று அவர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், ஒரு நட்சத்திரம் குறைந்தது முக்கியமாக இதற்குத்தான்.

சாட்சி சொல்லச் சொல்லி அழுத்துவதும் பிடிக்கவில்லை. முடிவில் ஒரு கூட்டம் வைத்து விடுதலை பெற்றவர்கள் பேசலாம் என்கிறார்கள். கட்டாயம் இல்லை என்றாலும், பேசுகிறவர்கள் எல்லாம் முழுச் சுகத்தைத்தான் பேசுகிறார்கள், இன்னும் மாத்திரை எடுத்துக்கொண்டு, சில நாள் நல்லது சில நாள் மோசம் என்று இருக்கிறவர் அங்கே என்ன செய்வார்? மனச்சோர்வு திரும்ப வரக்கூடிய நோய். பிரசங்கிகளுக்கெல்லாம் முன்மாதிரி என்று நாம் பேசுகிற சார்லஸ் ஸ்பர்ஜனுக்கே அப்படித்தான் இருந்தது. 1856ல் லண்டனில் அவர் பிரசங்கித்த அரங்கில் யாரோ தீ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் செத்தார்கள், அப்போது அவருக்கு 22 வயது. அந்த அதிர்ச்சியும் மனச்சோர்வும் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து அவரை வாட்டின, அதை அவர் தன் மாணவர்களிடமும் சபையிடமும் மறைக்காமல் பேசினார். இப்படிப்பட்ட சாட்சியையும் அந்த மேடையில் ஏற்றினால் நன்றாக இருக்கும்.

பயிற்சித் தாள்களும் அதிகம். எழுந்து பல் தேய்ப்பதே மலையாக இருக்கிற நாட்களில் இத்தனை பக்கம் யாரால் முடியும்? என் ஆலோசகர் பாதியைத் தள்ளிவிடச் சொன்னார், எல்லா ஆலோசகரும் அப்படிச் சொல்வார்களா தெரியாது. வீடியோக்கள் நீளம், மேடைப் பேச்சுத் தமிழ் வேறு.

ரகசியம் காப்பதில் முழு மதிப்பெண். நான் சொன்னது என் போதகருக்கோ குடும்பத்துக்கோ போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரிடம் சொல்வார்கள் என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்தார்கள். சபைக்குள்ளேயே நடக்கிற ஆலோசனையில் இது பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை, ஜெபக் குறிப்பு என்ற பெயரில் விஷயம் ஊரெல்லாம் போய்விடும், அதனால் எங்கே சேர்ந்தாலும் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாருக்கு இது ஒத்துவரும்? விசுவாசத்தை விடவும் மனதில்லை, உள்ளே இருக்கிறதைச் சொல்லவும் முடியவில்லை என்று மாட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்வேன். துக்கம், இழப்பு, சபையில் பட்ட காயம் இவற்றோடு வந்த மனச்சோர்வுக்கு நன்றாக வேலை செய்கிறது. அதிவேகமாகச் சுகம் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், முதல் ஒன்றிரண்டு மாதம் முன்பைவிட அதிகமாக அழுவீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலமாக இருக்கிறவர்கள், இல்லாத குரல்கள் கேட்கிறவர்கள், சாப்பாடு தூக்கம் அடியோடு நின்றவர்கள் வாராந்திர வீடியோ சந்திப்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது, இன்றைக்கே மருத்துவமனைக்கோ உங்கள் நாட்டின் நெருக்கடி உதவி எண்ணுக்கோ போங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஏற்ற சேவை இல்லை இது, அவர்களே அதைத் தெளிவாகச் சொல்கிறார்கள்.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், மாத்திரை தொடர்கிறது, மருத்துவர் அளவைக் குறைக்கலாம் என்று பேசத் தொடங்கியிருக்கிறார். அந்த ஒன்பது கேள்விப் படிவத்தில் மதிப்பெண் நன்றாக இறங்கியிருக்கிறது. அம்மாவுக்கு ஏன் சுகம் கிடைக்கவில்லை என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை, ஆலோசகரும் பதில் சொல்ல முயற்சிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு நன்றி. எழுதின சங்கீதங்களில் பெரும்பாலானவற்றில் இன்னும் கடைசிப் பகுதி இல்லை. சிலவற்றில் தானாக வந்திருக்கிறது.

சேர நினைக்கிறவர்கள் முதல் சந்திப்புக்கு முன்பே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: குழுவை எப்போதும் பயிற்சி பெற்றவர்தான் நடத்துவாரா, ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் மாற்றித் தருவார்களா. எனக்கு முதலில் ஒதுக்கினவர் வேறு ஒருவர், அவரோடு பேச்சு ஒட்டவில்லை, சொன்னதும் அடுத்த வாரமே தயங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.